சம்பந்தி வீட்டு சிப்பாய் தாத்தாவும் நூறு ஏக்கர் நிலமும்

கிளம்புறதுக்கு முந்தின ராத்திரி

பாஸ்டன் பக்கத்துல பையன் வீட்டுக்கு வந்து ரெண்டு மாசம் ஆச்சு. இலை கலர் மாறுற சீசன், எங்கயாவது கூட்டிட்டுப் போறேன்னு பையன் சொல்லிட்டே இருந்தான், அவனுக்கு ஆபீஸ்ல லீவு கிடைக்கல. கடைசியில ஆள் கிடைச்சது யாருன்னா மருமகளோட அம்மா, அதாவது எங்க அமெரிக்க சம்பந்தியம்மா. அவங்களுக்கு ஒரு வேலை இருக்கு, காரும் இருக்கு, நானும் என் சம்சாரமும் பின் சீட்ல ஏறிக்கலாம்னு ஏற்பாடு.

வேலை என்னன்னா அவங்க முப்பாட்டனைத் தேடுறது. ஜோசஃப் ப்ளம் மார்ட்டின்னு ஒருத்தர், 1776ல பிரிட்டிஷ்காரனை எதிர்த்து நடந்த புரட்சிப் போர்ல சாதாரண சிப்பாயா சேர்ந்தவர், அவர் வம்சம்தான் நாங்கன்னு அவங்க அம்மா வீட்டுப் பக்கம் சொல்லிக்கிறாங்களாம். இங்க 'அமெரிக்கப் புரட்சியின் மகள்கள்'னு ஒரு சங்கம், 1890ல இருந்து இருக்கு. அதுல சேரணும்னா சும்மா வாயால சொன்னா போதாது, நீங்க உங்க அம்மாவுக்குப் பொறந்தீங்க, உங்க அம்மா அவங்க அப்பாவுக்குப் பொறந்தாங்கன்னு ஒவ்வொரு படியா காகிதம் வச்சு அந்த சிப்பாய் வரைக்கும் ஏறணும். நம்ம வாரிசு சான்றிதழ் எல்லாம் இதுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல. நான் 34 வருஷம் சர்வே டிபார்ட்மென்ட்ல சங்கிலி இழுத்தவன், பழைய ரெக்கார்டுன்னாலே எனக்கு காது விடைச்சுக்கும். வரேன்னுட்டேன்.

நாள் 1, பெக்கெட்

காலைல 7 மணிக்குக் கிளம்பி மேற்கால ரெண்டு மணி நேரம். பெர்க்‌ஷயர் மலைங்கறாங்க, நம்ம கொடைக்கானல் பார்த்தவனுக்கு இது மேடு தான், ஆனா மேப்பிள் மரம் மஞ்சளும் சிவப்புமா நிக்கிறப்போ அதைச் சொல்ல வாய் வரல. பெக்கெட் ரொம்ப சின்ன ஊரு. இங்கதான் 1760 நவம்பர்ல மார்ட்டின் பொறந்தார், அப்பா எபினேசர் மார்ட்டின் சர்ச் போதகர். ஏழு வயசுலயே பையனை கனெக்டிகட்ல இருக்க அம்மா வழி தாத்தா பாட்டி வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, அதனால இந்த ஊருக்கும் அவருக்கும் உறவு அவ்வளவுதான். நாங்களும் சர்ச் பக்கம் ஒரு சுத்து சுத்திட்டு வந்துட்டோம்.

ஆனா பெக்கெட்ல எனக்கு வேற ஒரு ஆச்சரியம். இந்த ஊர் காட்டுக்குள்ள ஜேக்கப்ஸ் பில்லோன்னு ஒரு நாட்டிய அரங்கம் இருக்கு, நம்ம பாலசரஸ்வதி அம்மா 1962ல அங்க வந்து ஆடியிருக்காங்க! என் சம்சாரம் சின்ன வயசுல பரதநாட்டியம் கத்துக்கிட்டவ, அந்த பேரைக் கேட்டதும் சிப்பாய் தாத்தாவையெல்லாம் மறந்துட்டு அந்த மரக் கொட்டகை முன்னாடி நின்னு போட்டோ எடுக்கச் சொல்லிட்டா. சம்பந்தியம்மா பொறுமையா நின்னாங்க.

இன்னொண்ணு, இதை மனசுல வச்சுக்கோங்க, நாலாம் நாள் வரைக்கும் இது வரும். ஹென்றி நாக்ஸ்னு ஒருத்தர், பாஸ்டன்ல புஸ்தகக் கடை வச்சிருந்தவர், 25 வயசு. 1775 கடைசியில நியூயார்க் பக்கம் டைகாண்டரோகா கோட்டையில கெடந்த 59 பீரங்கியை பனியில மாட்டையும் சறுக்கு வண்டியையும் வச்சு இந்த மலைங்க வழியாத்தான் பாஸ்டனுக்கு இழுத்துட்டு வந்தார், சுமார் 60 டன். வழி நெடுக அதுக்கு ஞாபகக் கல்லு நட்டிருக்காங்க. வாஷிங்டனுக்கு அதுல ரொம்பப் பிடிச்சுப் போய் நாக்ஸ் பீரங்கிப்படைத் தளபதி ஆகி, ஜெனரல் ஆகி, அப்புறம் அமெரிக்காவோட முதல் போர் மந்திரி ஆயிட்டார். நம்ம ஆளும் அதே போர்தான், ஆனா அவர் சேர்ந்தது பிரைவேட்டா, அதாவது கடைசி வரிசை சிப்பாயா.

நாள் 2, மில்ஃபோர்ட்

தாத்தா வீடு இருந்த ஊர், கடல் ஓரம். இங்கதான் பையன் பட்டாளத்துல சேர்ந்தான். அந்தக் கதையை அவரே வயசான காலத்துல எழுதி வச்சிருக்கார், சம்பந்தியம்மா கார் ஓட்டிக்கிட்டே சொன்னாங்க, எனக்குப் புரியாத எடத்துல மருமக போன்ல மொழிபெயர்த்தா. 15 வயசு. கூட்டாளிங்க எல்லாம் மேஜை முன்னாடி உக்காந்து கையெழுத்துப் போடுறாங்க. இவனுக்கு ஆசையும் இருக்கு, பயமும் இருக்கு. பேனாவை எடுத்து காகிதத்துல படாம காத்துலயே கையெழுத்துப் போடுற மாதிரி ஆட்டிக்கிட்டு இருந்திருக்கான், பின்னாடி குனிஞ்சு எட்டிப் பார்த்தவன் கை தட்டி பேனா காகிதத்துல கீறிடுச்சு, அடடே கையெழுத்துப் போட்டுட்டான்னு ஒரே சத்தம், சரி இனிமே என்ன, ஒழுங்காவே போட்டுடலாம்னு போட்டுட்டானாம். தாத்தாவுக்கு இஷ்டமே இல்ல, ஆனாலும் துப்பாக்கியும் தின்பண்டமும் கட்டிக் குடுத்து அனுப்பியிருக்கார். பாட்டிங்க எங்கயும் ஒண்ணுதான், பட்டாளத்துக்குப் போறவனுக்கும் பொட்டலம்.

முதல்ல ஆறு மாசத்துக்குத்தான் சேர்ந்தான். புரூக்ளின், கிப்ஸ் பே, வைட் ப்ளெய்ன்ஸ்னு வரிசையா தோல்வி தான். கிப்ஸ் பேயில கப்பல்ல இருந்து பீரங்கி அடிச்சப்போ ஓடினோம்னு ஒளிக்காம எழுதியிருக்கார். அந்த வருஷம் கடைசியில வீட்டுக்கு வந்து, 1777ல மறுபடி சேர்ந்தார், இந்தத் தடவ போர் முடியுற வரைக்கும்னு. இதுல தான் மாட்டிக்கிட்டார்.

மில்ஃபோர்ட் கல்லறைத் தோட்டத்துல உயரமா ஒரு நினைவுத் தூண். 1777 ஜனவரி 1ம் தேதி, பிரிட்டிஷ் சிறைக் கப்பல்ல இருந்து 200 அமெரிக்கக் கைதிகளை அரை உயிரோட இந்தக் கரையில இறக்கி விட்டுட்டுப் போயிட்டாங்க. பெரும்பாலும் அம்மை. ஊர்க்காரங்க வீட்டுக்குள்ள கூட்டிட்டுப் போய்ப் பார்த்திருக்காங்க, ஆனாலும் 46 பேர் செத்துப் போனாங்க, அவங்களைப் பார்த்துக்கிட்ட கேப்டன் ஸ்டீஃபன் ஸ்டோவும் அதே நோயில போயிட்டார், அவரையும் அவங்க கூடவே புதைச்சிருக்கு. என் சம்சாரம் அந்தக் கல்லுல கைய வச்சுட்டு ரொம்ப நேரம் பேசல. அப்புறம் "நம்ம ஊர்ல அம்மை போட்ட வீட்டுக்குள்ள யாராவது போவாங்களா"ன்னா.

ராத்திரி வீட்டுக்கே திரும்பிட்டோம். நாளைக்கு வடக்க.

நாள் 3, தாமஸ்டன், மேய்ன்

பாஸ்டன்ல இருந்து மூணே முக்கால் மணி நேரம், நடுவுல காபிக்கு நிறுத்தினது தனி. சம்பந்தியம்மா ஸ்பீடு லிமிட்டைத் தாண்டவே மாட்டாங்க, பின்னாடி வர்றவன் ஹாரன் அடிச்சாலும் கண்டுக்க மாட்டாங்க.

தாமஸ்டன்ல மேட்டு மேல வெள்ளையா ஒரு பெரிய பங்களா, மான்ட்பீலியர்னு பேரு. யாரோடதுன்னா நம்ம புஸ்தகக் கடை நாக்ஸோடது. ஒரிஜினல் வீட்டை 1871ல ரயில் பாதைக்காக இடிச்சுட்டாங்க, இது அதே மாதிரி பின்னாடி கட்டினது. நாங்க உள்ள போகல, வெளியவே சுத்திப் பார்த்தோம்.

சிப்பாய் தாத்தாவைத் தேடி வந்துட்டு மந்திரி வீட்டு வாசல்ல ஏன் நிக்கிறோம்னா, இங்கதான் என் டிபார்ட்மென்ட் விஷயம் வருது. கவனமா படிங்க.

போர் முடிஞ்சு 1783ல பட்டாளத்தைக் கலைச்சுட்டாங்க. சம்பளத்துக்குப் பதிலா காகிதச் சீட்டு குடுத்தாங்க, வீடு போய்ச் சேர ஒரு நல்ல துணி வேணுமேன்னு நிறைய பேர் அதைக் கிடைச்ச விலைக்கு வித்துட்டாங்க. சிப்பாய்க்கு 100 ஏக்கர் நிலம்னு சேரும்போது சொல்லியிருந்தது, அதை எங்க போய் வாங்கணும்னு யாரும் சொல்லல. மார்ட்டின் ஒரு குளிர்காலம் நியூயார்க் பக்கம் பள்ளிக்கூட வாத்தியாரா இருந்துட்டு 1784ல மேய்னுக்கு வந்தார், பெனாப்ஸ்காட் ஆத்து முகத்துல ப்ராஸ்பெக்ட்ங்கற எடத்துல சும்மா கெடந்த காட்டை வெட்டித் திருத்தி குடியேறினார், அதுவும் ஒரு 100 ஏக்கர். 1794ல லூசி க்ளூலிங்கற பொண்ணைக் கட்டினார்.

இப்போ அந்தப் பக்கம் பாருங்க. நாக்ஸ் சம்சாரம் பேரும் லூசி தான், லூசி ஃப்ளக்கர். அவங்க அப்பா பிரிட்டிஷ் ராஜா கட்சி, மாசசூசெட்ஸ் மாகாண செயலாளர், போர் வந்ததும் குடும்பத்தோட இங்கிலாந்துக்குப் போயிட்டார், இந்த ஒரு பொண்ணு மட்டும் புருஷன் பக்கம் நின்னுடுச்சு. அந்தம்மாவோட அம்மா வழி தாத்தா சாமுவேல் வால்டோ. அவர் பேர்ல மேய்ன் கடலோரத்துல ஒரு ஜில்லா அளவுக்கு நிலம், ராஜா காலத்து சாசனம், வால்டோ பேடன்ட்னு சொல்றாங்க. போருக்கு அப்புறம் நாக்ஸ் அந்தப் பங்கையெல்லாம் தன் கைக்குக் கொண்டு வந்துட்டார். அதுக்குள்ள உக்காந்திருக்கவன் எல்லாரும் இப்போ ஆக்கிரமிப்பு! காட்டைத் திருத்தினவன்கிட்ட அனுபோகம் இருக்கு, மந்திரிகிட்ட பத்திரம் இருக்கு. நான் சர்வீஸ்ல இருந்த காலத்துல வாரத்துக்கு ஒரு தடவையாவது பார்த்த கேஸ் தான். 1797ல நாக்ஸ் பக்கமே தீர்ப்பாச்சு, மார்ட்டின் நிலத்துக்கு 170 டாலர் மதிப்புப் போட்டு ஆறு வருஷத்துல தவணையா நாக்ஸுக்குக் கட்டணும்னு சொல்லிட்டாங்க.

170 டாலர்ல என்னன்னு இப்போ தோணும். சிப்பாய் சம்பளம் மாசம் ஆறு டாலரும் இன்னொரு டாலர்ல மூணுல ரெண்டு பங்கும்னு பேச்சு, அதுவும் காகிதத்துல, பல வருஷம் அதுவும் வரல. 1781ல, போரோட கடைசிப் பெரிய சண்டை நடந்த யார்க்டவுனுக்குப் போற வழியில ஒரு மாச சம்பளம் வெள்ளிக் காசா குடுத்தாங்க, அதுவும் பிரெஞ்சுக்காரங்ககிட்ட கடன் வாங்கி. 1776க்கு அப்புறம் கூலின்னு கையில பார்த்த நிஜப் பணம் அதுதான்னு மார்ட்டின் எழுதியிருக்கார். அந்த ஆளு 170க்கு எங்க போவார். நிலத்தை என்கிட்டயே விட்ருங்கன்னு நாக்ஸுக்குக் கேட்டு எழுதினார். 1811ல நிலம் பாதி ஆச்சு. 1818ல ஒண்ணுமே இல்ல.

இன்னும் கொடுமை, யார்க்டவுன்ல நாக்ஸோட பீரங்கிங்க நின்ன அகழி வேலைய செஞ்சது யாருங்கறீங்க? மார்ட்டின் அப்போ மண் வெட்டுற படைப் பிரிவுல இருந்தார், எதிரி கோட்டைக்கு முன்னாடி ராத்திரியோட ராத்திரியா முதல் அகழிக்குக் கோடு போட்டு நின்னவங்கள்ல ஒருத்தர். அப்போ இருட்டுல கோட்டு போட்ட ஒரு ஆள் தனியா நடந்து வந்து பேசிட்டுப் போனாராம், அப்புறம் தான் தெரிஞ்சதாம் அது வாஷிங்டன்னு. மறுபடி வெட்ட ஆரம்பிக்கிறப்போ வாஷிங்டன் பிக்காசை வாங்கி நாலு கொத்து கொத்தினார், ஜெனரல் தன் கையால ஆரம்பிச்சு வச்சார்னு பேர் வரணுமேன்னு. பூமி பூஜைக்கு மந்திரி நாலு சட்டி மண்ணு அள்ளுற அதே சமாச்சாரம், போட்டோகிராபர் மட்டும் இல்ல.

நாக்ஸ் மேல எனக்கு ஒரேயடியா கோபப்படவும் முடியல. 13 குழந்தைங்க பொறந்து மூணு தான் பெருசாச்சு. 1806ல கோழி எலும்பு தொண்டையில சிக்கி, அது உள்ள புண்ணாகி செத்துப் போனார். போகும்போது தலைக்கு மேல கடன். இவ்வளவு நிலத்தைச் சுருட்டியும்.

ராத்திரி லாட்ஜ்ல ஒரு கூத்து. 1777 நவம்பர்ல காங்கிரஸ், அதாவது அப்போ அமெரிக்காவை நடத்தின சபை, நன்றி தெரிவிக்கும் நாள்னு அறிவிச்சு, பட்டினியா கெடந்த பட்டாளத்துக்கு விருந்துன்னு குடுத்தது என்ன தெரியுமா, ஆளுக்கு அரை ஜில் அரிசியும் ஒரு ஸ்பூன் வினிகரும். ஜில்னா எவ்வளவுன்னு என் சம்சாரம் கேட்டா. மருமக போன்ல கணக்குப் போட்டு அரை ஜில்னா கால் கப்புன்னா. நாங்க எங்க போனாலும் குட்டி குக்கரும் அரிசியும் கூடவே போகும், உடனே அளந்து கையில கொட்டிப் பார்த்தா. ஆழாக்குல மூணுல ஒரு பங்கு இருக்கும். "இதுக்கா வினிகரு? தொட்டுக்கவா?"ன்னு கேட்டா. சம்பந்தியம்மா மொதல்ல சிரிச்சாங்க, அப்புறம் அந்த உள்ளங்கை அரிசியை போட்டோ எடுத்துக்கிட்டாங்க. அடுத்தடுத்த குளிர்காலம் இன்னும் மோசம், மாரிஸ்டவுன் முகாம்ல நாலு நாளைக்கு மரப்பட்டைய மென்னுக்கிட்டு இருந்தேன், பழைய ஷூவை வாட்டித் தின்னாங்கன்னு எழுதியிருக்கார். அன்னிக்கு நாங்க வெண்பொங்கல் வைக்க நினைச்சிருந்தோம், வச்சோம், சாப்பிட்டோம், யாரும் மிச்சம் வைக்கல.

நாள் 4, ப்ராஸ்பெக்ட், ஸ்டாக்டன் ஸ்ப்ரிங்ஸ்

இன்னிக்கு நிறைய எழுதணும், கை வலிக்குது, பார்க்கலாம்.

காலைல முதல்ல ஆத்துப் பாலம். பெனாப்ஸ்காட் நேரோஸ் பாலத்தோட ஒரு தூணுக்கு உள்ள லிஃப்ட் வச்சு உச்சியில கண்ணாடி அறை கட்டியிருக்காங்க, 420 அடி. மேல நின்னா ஆறு கடல்ல சேர்ற இடம், எதிர்க்கரை பக்ஸ்போர்ட், சுத்திலும் சிவந்த காடு. கீழ கரையில ஒரு பெரிய கருங்கல் கோட்டை. அதோட பேரு ஃபோர்ட் நாக்ஸ்.

ஆமா, அதே நாக்ஸ் தான். தங்கம் வச்சிருக்க கென்டக்கி ஃபோர்ட் நாக்ஸ் வேற, அதுவும் இவர் பேரு தான், டென்னசியில நாக்ஸ்வில் ஊரும் இவர் பேரு தான். ஆனா இந்தக் கோட்டை நிக்கிறது ப்ராஸ்பெக்ட்ல, மார்ட்டினோட ஊர்ல! 1844ல கட்ட ஆரம்பிச்சாங்க, அப்போ மார்ட்டின் உயிரோட இருக்கார், 83 வயசு. கல்லு வெட்டினது பக்கத்துல வால்டோ மலையில, அது நாக்ஸ் சம்சாரத்தோட தாத்தா பேரு. ஜில்லா பேரும் வால்டோ. 1869 வரைக்கும் கட்டியும் முழுசா முடியல, ஒரு சண்டையும் அங்க நடக்கல. உள்ள இருட்டுப் பாதையும் சுழல் படிக்கட்டுமா நல்லாத்தான் இருக்கு, 15 இஞ்ச் வாய் உள்ள ரெண்டு பெரிய ராட்மன் பீரங்கி இன்னும் நிக்குது. நான் மட்டும் கொஞ்சம் முறைச்சுக்கிட்டே சுத்தினேன்.

கீழ இறங்கி வந்து நாக்ஸ் பத்திரம் அநியாயம், மார்ட்டின் அனுபோகம் நியாயம்னு நான் பெரிய லெக்சர் குடுத்துட்டு இருந்தேன். என் சம்சாரம் ஒரே கேள்வி கேட்டா, "சும்மா கெடந்த காடுன்னீங்களே, அதுக்கு முன்னாடி யாருது?" ஆத்தோட பேரே பதில். பெனாப்ஸ்காட் மக்கள் இன்னிக்கும் இதே ஆத்துல மேல, ஓல்ட் டவுன் பக்கத்துத் தீவுல இருக்காங்க. 34 வருஷம் மூல பத்திரம் கொண்டா, மூல பத்திரம் கொண்டான்னு ஜனங்களை விரட்டினவன் நான், எனக்குத் தோணல பாருங்க. சம்பந்தியம்மா தலைய ஆட்டினாங்க, எங்க வீட்டுக் கதையில அந்தப் பகுதி வந்ததே இல்லன்னாங்க.

மத்தியானம் சாண்டி பாய்ண்ட் கல்லறைத் தோட்டம். அந்தக் காலத்துல இதுவும் ப்ராஸ்பெக்ட் தான், 1857ல பிரிஞ்சு இப்போ ஸ்டாக்டன் ஸ்ப்ரிங்ஸ். கடல் காத்து, அடிச்சா காது வலிக்குது. புரட்சிப் போர் சிப்பாய்னு சொல்ற கல்லு, பக்கத்துல சின்னக் கொடி. 1850 மே 2, 89 வயசு. சம்பந்தியம்மா கல்லைத் தொடல, கொஞ்சம் தள்ளியே நின்னாங்க. ஏன்னு கேட்டேன். காகிதம் எல்லாம் சேர்ந்து உறவு உறுதியாகட்டும், அதுக்கு முன்னாடி உரிமை கொண்டாடக் கூடாதுன்னாங்க. அந்த நிமிஷம் அவங்க மேல எனக்கு மரியாதை கூடிப் போச்சு.

அங்க உக்காந்துதான் குடும்பத்தைப் பத்திப் பேசினோம். அஞ்சு பசங்க, ஜோசஃப், இரட்டையர் நேதனும் தாமஸும், ஜேம்ஸ் சல்லிவன், சூசன். நிலம் போச்சு, ஆனா ஊர் அவரை விடல. 20 வருஷத்துக்கு மேல டவுன் கிளார்க், அதாவது ஊர்க் கணக்குப்பிள்ளை மாதிரி. பிறப்பு, கல்யாணம், ஊர்க் கூட்டத் தீர்மானம் எல்லாம் எழுதி வைக்கிற வேலை. மத்தவன் நிலத்துக்கும் கல்யாணத்துக்கும் எழுதிக் குடுத்த கை, சொந்தமா ஒரு காணி இல்ல. கவிதை எழுதுவாராம், படமும் வரைவாராம். 1830ல, 69 வயசுல, பேர் போடாம தன் பட்டாளக் கதையை மேய்ன்ல ஹாலோவெல் ஊர்ல அச்சுப் போட்டார், விக்கவே இல்ல. 1962ல மறுபடி அச்சானதுக்கு அப்புறம் இந்தப் போரைப் பத்தி எழுதுற யாரும் அவரை விட்டுட்டு எழுதறதில்லயாம். 1836ல அந்த வழியாப் போன ஒரு பட்டாளம், இந்த வீட்டுல கிழவர் ஒருத்தர் இருக்கார்னு கேள்விப்பட்டு வாசல்ல நின்னு துப்பாக்கி வெடிச்சு மரியாதை பண்ணிட்டுப் போனாங்க. அது ஒண்ணு தான் எனக்கு சந்தோஷமா இருந்துச்சு.

நாள் 5, திரும்ப வீடு

காலைல ஒரு ஆபீஸ்ல பழைய ரெஜிஸ்டர் கேட்கப் போனோம், இன்னிக்கு அந்த கிளார்க் லீவு, அடுத்த வாரம் வாங்கன்னு கதவுல சீட்டு. சம்பந்தியம்மாவுக்கு ஏமாற்றம். எனக்கு சொந்த ஊர் வந்துட்ட மாதிரி இருந்துச்சு.

வழியில காபிக் கடையில ஃபைலைப் பிரிச்சுக் காட்டினாங்க. சங்கத்து விண்ணப்பத்துல சிப்பாய் நிஜமாவே போருக்குப் போனார்ங்கறதுக்கு ஆதாரம் வேணும். அவங்க வச்சிருக்க ஆதாரம் பென்ஷன் காகிதத்தோட நகல். 1818ல சட்டம் வந்துச்சு, ஏழ்மையில இருக்க பழைய சிப்பாய்க்கு மாசம் 8 டாலர், வருஷத்துக்கு 96. ரெண்டு வருஷத்துல கவர்ன்மென்டுக்கு சந்தேகம் வந்துடுச்சு, நிறைய பேர் வாங்குறாங்களேன்னு, 1820ல எல்லாரும் கோர்ட்டுக்கு வந்து சொத்து முழுக்க எழுதிக் குடுத்து சத்தியம் பண்ணணும்னுட்டாங்க. மார்ட்டின் போய் சொன்னார்: நிலமில்ல, வீடுவாசல் இல்ல, உடுத்தின துணி, படுக்கை, அப்புறம் ரெண்டு மாடு, ஆறு ஆடு, ஒரு பன்னி. கூலி வேலை, இப்போ உடம்பு முடியல, சம்சாரத்துக்கு வாதம், பசங்கள்ல ஒண்ணுக்குப் பொறந்ததுல இருந்தே புத்தி வளர்ச்சி இல்ல, இந்தப் பென்ஷன் இல்லன்னா குடும்பம் நடக்காது.

எனக்கு தாலுக்கா ஆபீஸ் ஞாபகம் வந்துடுச்சு. நான் டெபுடேஷன்ல உக்காந்திருந்தப்போ தியாகி பென்ஷனுக்கு வருவாங்க, வேட்டி மடிச்சுக் கட்டின பெரியவங்க, ஜெயில் ரெக்கார்டு கிடைக்கலன்னா, உங்களோட ஜெயில்ல இருந்தவர்கிட்ட சர்டிபிகேட் வாங்கிட்டு வாங்கன்னு அனுப்புவோம், கூட இருந்தவர் செத்தே போயிருப்பார். நானே அப்படி சிலரைத் திருப்பி அனுப்பியிருக்கேன். ரூல்ஸ் அப்படி.

ஆக ஒரு ஆள் நான் பரம ஏழைன்னு கோர்ட்ல கைகட்டி நின்னு சொன்ன காகிதம் தான், 200 வருஷம் கழிச்சு அவர் பேத்திக்கு சங்கத்துல பெருமையா உக்கார டிக்கெட்டு. நான் இதைச் சொன்னதும் சம்பந்தியம்மா ஒண்ணும் சொல்லாம காபியைக் கலக்கிட்டே இருந்தாங்க. என் சம்சாரம் மட்டும் நகலை வாங்கி, எழுத்து புரியாட்டியும் அந்த வரிசையில விரலை வச்சு, "ரெண்டு மாடு இருக்கே, அதை வித்துட்டு அப்புறமா வானு சொல்லலயா"ன்னு கேட்டா. மருமக போன்ல இதை மொழிபெயர்த்துச் சொல்ல, சம்பந்தியம்மா அப்போதான் சிரிச்சாங்க, ஃபைலை மூடி வச்சுட்டு பில்லு குடுக்கப் போனாங்க.